யாரும் புல் பண்ணாதீங்க: பொது ரெப்போவோடு பட்ட பாடு

2012-இல் நாங்கள் ஐந்து பேர். கோவையில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து, கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். கோடு முழுக்க சப்வெர்ஷனில் இருந்தது; யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவி அது. மூலையில் ஒரு சென்ட்ஓஎஸ் மெஷின், அதுதான் சர்வர். அது அணைந்தால் கமிட் போட முடியாது, அதாவது செய்த மாற்றத்தைப் பதிய முடியாது; பழைய பதிவுகளின் லாகைக்கூடப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம் அது. எங்கள் லேப்டாப்பில் பேட்டரி இருக்கும். சர்வரின் யுபிஎஸ் எப்போதோ உயிரை விட்டிருக்கும். மணிக்கணக்கில் வேலை செய்துவிட்டு, கரண்ட் வந்ததும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கமிட் போட்டு, ஒருவர் மாற்றம் இன்னொருவருடையதோடு மோதும் கான்ஃப்ளிக்டில் அடித்துக்கொள்வோம்.

"கிட்டுக்கு மாறிடலாம், சர்வர் இல்லாமலே கமிட் போடலாம்" என்று கிளப்பிவிட்டவன் நான்தான். அதனால் செட்டப் வேலையும் என் தலையில் விழுந்தது. கிட்டும் அதே வகைக் கருவிதான், ஆனால் வரலாறு முழுவதும் ஒவ்வொருவர் மெஷினிலும் இருக்கும். கிட்டைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது ஆட், கமிட், லாக், அவ்வளவுதான். பொது ரெப்போ, அதாவது எல்லோருடைய கோடும் வரலாறும் வந்து சேரும் இடம், எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. சர்வரில் ஒரு ஃபோல்டர், அதில் கிட் இனிட், கோடை உள்ளே போட்டு முதல் கமிட். "எல்லோரும் இதை குளோன் பண்ணிக்கோங்க" என்றேன். குளோன், அதாவது அவரவர் மெஷினில் முழு நகல், அழகாக ஆனது.

நம் கமிட்டுகளை சர்வருக்கு அனுப்புவது புஷ். முதல் புஷ் ஆகவில்லை. செக்-அவுட் ஆகியிருக்கும் பிராஞ்சை, அதாவது அந்த ஃபோல்டரில் இப்போது திறந்திருக்கும் கிளையை, மாற்ற மாட்டேன் என்று கிட் நீளமாக ஒரு செய்தி சொன்னது. அந்தச் செய்தியிலேயே அதை அணைக்கும் வழியும் இருந்தது: ரிசீவ் டாட் டினைகரன்ட்பிராஞ்ச் என்ற செட்டிங்கை இக்னோர் என்று மாற்றலாம். ஏன் தடுக்கிறது என்று விளக்கியிருந்த மூன்று வரியைத் தாண்டிவிட்டு, எப்படி அணைப்பது என்ற வரியை மட்டும் படித்தேன். அணைத்தேன். புஷ் போனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. பில் அச்சாகும் டெம்ப்ளேட் ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சோம்பேறித்தனம், சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச்-இல் போய் அந்தப் பொது ஃபோல்டரிலேயே கை வைத்தேன். முடித்துவிட்டு ஸ்டேட்டஸ் பார்த்தால் நான் தொட்டது ஒரு ஃபைல், மாறியிருப்பதாகக் காட்டுவது ஐந்து. மற்ற நான்கும் ஏற்கெனவே ஸ்டேஜ் ஆகி, கமிட்டுக்குத் தயாராக நின்றன. 'முந்தாநாள் நாம்தான் எதையோ பாதியில் விட்டிருப்போம்' என்று நினைத்துக்கொண்டு, மாறியதை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் கமிட் மைனஸ் ஏ அடித்தேன். மெசேஜ்: சின்னத் திருத்தம்.

சாயங்காலம் பக்கத்து சீட்டுத் தம்பி வந்து நின்றான். "அண்ணா, என் வாட் கோடு எங்க போச்சுங்க?"

லாகில் அவன் கமிட் பத்திரமாக இருந்தது. அதற்கு மேலே என் 'சின்னத் திருத்தம்'. திறந்து பார்த்தால், அவன் சேர்த்த வரிகளை எல்லாம் ஒன்று விடாமல் நான் நீக்கியிருக்கிறேன். இரண்டு நாள் உட்கார்ந்து அவன் எழுதிய வாட் வரிக் கணக்கு அது. அந்த ஃபைல்களை நான் திறக்கக்கூட இல்லை என்று சத்தியம் செய்தேன். அவன் நம்பினானா என்று இன்றைக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். ஒரு சாதாரண ரெப்போவில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று, டாட் கிட் ஃபோல்டருக்குள் இருக்கும் சேமிப்பு: வரலாறு முழுவதும், பிராஞ்சுகள் எங்கே நிற்கின்றன என்ற குறிப்புகள். இன்னொன்று, வெளியே நாம் திறந்து எடிட் செய்யும் ஃபைல்கள். புஷ் முதலாவதை மட்டும்தான் தொடும். கமிட்டுகளைக் கொண்டுபோய்ச் சேமிப்பில் போட்டு, பிராஞ்சின் குறியை முன்னே நகர்த்திவிட்டுப் போய்விடும். வெளியே கிடக்கும் ஃபைல்களைத் தொடாது. அங்கே யாராவது சேமிக்காமல் வைத்திருக்கும் வேலை அழிந்துவிடுமே. ஆக, தம்பி புஷ் செய்ததும் குறி அவன் கமிட்டுக்கு நகர்ந்தது, ஃபைல்களும், அடுத்த கமிட்டுக்கான பட்டியலான இண்டெக்ஸும் பழையபடியே நின்றன. கிட்டின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? புதுக் கோடு இருந்த இடத்தில் யாரோ உட்கார்ந்து பழைய கோடைத் திரும்ப எழுதிவைத்த மாதிரி. நான் அதை ஆமோதித்துக் கமிட்டும் போட்டுவிட்டேன். இந்த விபத்து அடிக்கடி நடந்ததால்தான் 2010-இல் வந்த 1.7.0 பதிப்பிலிருந்து கிட் இதைத் தானாகவே தடுக்கிறது. நான் அணைத்தது அந்தத் தடுப்பைத்தான்.

(மெர்க்யூரியல் என்ற இன்னொரு கருவியிலிருந்து வருகிறவர்களுக்கு இது வினோதமாகத் தெரியும். அங்கே ஃபைல்கள் எந்தப் பதிப்பில் நிற்கின்றன என்பது தனியாகப் பதிந்திருப்பதால், புஷ் வந்தாலும் இந்தக் குழப்பம் வராது. வேண்டும்போது அப்டேட் கொடுத்தால் சரி.)

இதற்கு மருந்து பேர் ரெப்போ. பேர் என்றால் ஊர் பேர் இல்லை; வெறும் ரெப்போ, எடிட் செய்ய ஃபைல்களே இல்லாத ரெப்போ. கிட் இனிட் கொடுக்கும்போது மைனஸ் மைனஸ் பேர் சேர்த்தால் கிடைக்கும். ஏற்கெனவே இருப்பதை மாற்ற, அதே ஆப்ஷனோடு ஒரு குளோன் எடுத்து, பெயரின் வாலில் டாட் கிட் என்று வைப்பது வழக்கம். உள்ளே போய்ப் பார்த்தால் ஹெட், கான்ஃபிக், அப்ஜெக்ட்ஸ், ரெஃப்ஸ், ஹுக்ஸ் என்றுதான் இருக்கும். நம் கோடு ஒரு வரிகூடக் கண்ணில் படாது. எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு "ஏப்பா, கோடு எல்லாம் அழிஞ்சு போச்சா?" என்று பதறினார். நல்லதுதான். யாரும் உள்ளே போய் எடிட் செய்ய முடியாதபடி இருப்பதுதான் அதன் பயன். பலர் புஷ் செய்யும் ரெப்போ பேர் ரெப்போவாக இருக்கட்டும்; இதில் மட்டும் பேரம் வேண்டாம்.

அடுத்த தொல்லை இதைவிட மர்மமானது. பேர் ரெப்போ வைத்த ஒரு மாதத்தில் புஷ் சில சமயம் போகும், சில சமயம் போகாது. "காலைல போச்சுங்க அண்ணா, இப்ப மாட்டேங்குது." ரெப்போவில் அப்ஜெக்டைச் சேர்க்க அனுமதி போதவில்லை என்று எரர். சரி, அனுமதிதானே என்று டெவ் என்றொரு குரூப் உருவாக்கி, ஐந்து பேரையும் சேர்த்து, ஃபோல்டர் முழுவதையும் அந்தக் குரூப்புக்கு மாற்றி, எழுதும் அனுமதியும் கொடுத்தேன். உடனே சரியானது. மூன்று நாளில் மறுபடி அதே எரர். இன்னும் வேடிக்கை, கமிட் மெசேஜில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டுப் புஷ் செய்தால் சில தடவை போய்விடும். செய்வினை என்றே முடிவு கட்டிவிட்டோம்.

கிட் ஒவ்வொரு பொருளுக்கும் (அப்ஜெக்ட்), அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு, 40 எழுத்தில் ஒரு ஹாஷ் போடுகிறது. முதல் இரண்டு எழுத்து ஃபோல்டரின் பெயர், மீதி 38 ஃபைலின் பெயர். ஆக, அப்ஜெக்ட்ஸுக்குள் பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து எஃப்எஃப் வரை 256 ஃபோல்டர்கள் வரலாம். எல்லாம் ஒரேயடியாக வருவதில்லை. தேவைப்படும்போது, புஷ் செய்கிறவரின் பெயரில் ஒவ்வொன்றாக உருவாகும். எங்கள் சர்வரில் எல்எஸ் மைனஸ் எல் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் மாற்றிய நாளில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் டெவ் குரூப்பில் இருந்தன. அதற்குப் பிறகு பிறந்தவை, உருவாக்கியவரின் சொந்தக் குரூப்பில். 7எஃப் ஃபோல்டர் தம்பியுடையது, 3ஏ என்னுடையது. என் கமிட்டின் ஹாஷ் 7எஃப் என்று தொடங்கினால் என் புஷ் தோற்கும். மெசேஜை மாற்றினால் ஹாஷ் மாறும், வேறு ஃபோல்டருக்குப் போகும், ஜெயிக்கும். செய்வினை அவ்வளவுதான்.

சரிசெய்ய மூன்று காரியம். எல்லாவற்றையும் மறுபடி டெவ் குரூப்புக்கு மாற்ற வேண்டும். ஃபோல்டர்களுக்கு மட்டும் செட்ஜிஐடி பிட் போட வேண்டும், அப்போதுதான் உள்ளே புதிதாகப் பிறப்பதும் அதே குரூப்பில் பிறக்கும். கான்ஃபிக்கில் கோர் டாட் ஷேர்டுரெப்பாசிட்டரி என்பதை குரூப் என்று வைக்க வேண்டும், அது இருந்தால் யாருடைய யுமாஸ்க் (புது ஃபைல்களின் அனுமதியைக் குறைக்கும் செட்டிங்) எப்படி இருந்தாலும் கிட் குரூப்புக்கு அனுமதி கொடுத்துவிடும். அப்ஜெக்ட் ஃபைல்கள் படிக்க மட்டுமே என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து அதையும் மாற்ற வேண்டாம். எழுதிய அப்ஜெக்டை கிட் திரும்பத் திருத்துவதே இல்லை. முதலிலேயே இனிட் கொடுக்கும்போது மைனஸ் மைனஸ் ஷேர்ட் என்று சேர்த்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அந்த ஆப்ஷன் கூடவே இன்னொரு நல்லதும் செய்யும், அது எனக்குத் தெரியாமல் போனதால் வந்த வினை கீழே வருகிறது.

ஏன் இப்படி ஒரு கருவி, ஐந்து பேர் எழுதும் ஒரு ஃபோல்டருக்கே இத்தனை சடங்கு கேட்கிறது என்று அப்போது எரிச்சலாக இருந்தது. கிட் பிறந்த கதையைப் படித்த பிறகு கோபம் குறைந்தது. லினக்ஸ் கெர்னல்காரர்கள் பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். 2005-இல் அந்தச் சலுகை நின்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே மாதமே கெர்னல் கோடு அதற்குள் வந்துவிட்டது. கெர்னலின் கிட் வரலாற்றில் முதல் கமிட் இன்றும் 2.6.12-ஆர்சி2 என்றுதான் இருக்கும், அதற்கு முந்தையது அதில் இல்லை. முக்கியமானது அவர்கள் வேலை செய்யும் முறை. லினஸின் ரெப்போவில் லினஸ்தான் எழுதுவார். மற்ற பராமரிப்பாளர்கள் அவரவர் ரெப்போவில் வேலையை வைத்துவிட்டு, 'இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள். அவர் புல் செய்துகொள்வார், அதாவது அதை எடுத்துத் தன் கோடில் சேர்த்துக்கொள்வார். பலர் ஒரே இடத்தில் எழுதுவது அந்த வீட்டு வழக்கம் இல்லை. நாங்கள் கிட்டுக்குள் ஒரு சப்வெர்ஷன் சர்வரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மின்வெட்டு நாளில் இது இன்னும் நன்றாகப் புரிந்தது. ஒருநாள் மதியம் கரண்ட் போய் சர்வரும் ரூட்டரும் அவுட். தம்பியின் லேப்டாப்பில் இருந்த ஒரு திருத்தம் எனக்கு உடனே வேண்டும். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம். அவன் தன் ரெப்போ இருந்த ஃபோல்டரில் கிட் டீமனை ஓட்டினான். 9418 போர்ட்டில் அது கேட்டுக்கொண்டிருக்கும், எடுக்கலாம் என்று அனுமதித்த ரெப்போவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், சொல்லி அனுமதிக்காத வரை யாரும் எழுத முடியாது. அவன் ஐபி முகவரியைக் கொடுத்து நான் புல் அடித்தேன். வந்துவிட்டது! கரண்ட் வந்த பிறகு இருவரும் சர்வருக்குப் புஷ் செய்தபோது அதே கமிட், அதே ஹாஷ். இரட்டிப்பும் இல்லை, கான்ஃப்ளிக்டும் இல்லை. சர்வர் என்று நாங்கள் பயபக்தியோடு கும்பிட்டது இன்னொரு நகல்தான். நாங்களே அதற்கு ஒரிஜின் என்று பெயர் வைத்து, அங்கே இருப்பதுதான் கணக்கு என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் மளிகைக் கடைப் பற்று நோட்டைத்தான் சொல்வேன். கடையில் ஒரு நோட்டு, வீட்டில் ஒரு நோட்டு. கடைக்குப் போகும்போது வீட்டு நோட்டையும் கொண்டுபோய் இரண்டிலும் எழுதிக்கொண்டு வருவோம். வீட்டுக்கு வந்த பிறகு கடைக்காரர் தன் நோட்டில் என்ன எழுதினார் என்பது நமக்குத் தெரியாது. கடைசியாகப் போனபோது இருந்ததுதான் தெரியும். ஒரிஜின் ஸ்லாஷ் மாஸ்டர் என்று கிட் காட்டுவது அதைத்தான். (மாஸ்டர் என்பது எங்கள் முதன்மைப் பிராஞ்ச்.) அது சர்வரில் இருப்பது இல்லை. நம் லேப்டாப்பில் இருக்கும் குறிப்பு, கடைசி ஃபெட்ச் அன்று (சர்வரில் புதிதாக இருந்ததை வாங்கிய அன்று) சர்வர் எங்கே நின்றது என்ற ஞாபகம். 'அப் டு டேட்' என்று ஸ்டேட்டஸ் சொல்வதும் அந்த ஞாபகத்தோடு ஒப்பிட்டுத்தான். ஃபெட்ச் செய்யாமல் அதை நம்பி "என்கிட்ட எல்லாம் லேட்டஸ்ட்தான்" என்று சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும்.

2014 பொங்கலுக்கு முந்தைய நாள் அந்த ஞாபகம்தான் எங்களைக் காப்பாற்றியது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இரண்டு நாள் ஃபெட்ச் செய்யாமல் வேலை செய்திருக்கிறான். மாலை ஐந்து மணிக்குப் புஷ் அடித்தால் மறுக்கிறது. சர்வரில் அவனிடம் இல்லாத கமிட்டுகள் இருந்தன, மறுக்கத்தான் வேண்டும். ஊருக்குப் பஸ் ஏழு மணிக்கு. எங்கோ தேடி, மறுப்பை மீறி எழுதும் ஃபோர்ஸ் புஷ், அதாவது புஷ் மைனஸ் எஃப் அடித்துவிட்டான். சர்வரில் மாஸ்டர் அவன் கமிட்டில் வந்து நின்றது. காலையில் சீனியர் ஒருவர் சேர்த்திருந்த மூன்று கமிட்டுகள் காணோம். அவரோ லேப்டாப்போடு மதுரை பஸ்ஸில், போன் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் காலை ஒரு கடைக்கு அந்தத் திருத்தத்தை அனுப்ப வேண்டும்.

பிராஞ்சின் குறி இதற்கு முன் எங்கெங்கே நின்றது என்ற பதிவேடான ரெஃப்லாகை சர்வரில் பார்க்கலாம் என்று போனேன். இல்லை. பேர் ரெப்போவில் கிட் தானாக ரெஃப்லாக் வைப்பதில்லை என்பதை அன்றுதான் கற்றேன். யாருக்காவது பழைய ஹாஷ் தெரிந்தால் சர்வரிலேயே மீட்கலாம். கமிட்டுகள் உடனே அழிவதில்லை, கேட்பாரற்றுக் கிடக்கும். ஹாஷ் யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் உறைத்தது. பதினொரு மணி டீக்கு முன்னால் நான் ஒரு ஃபெட்ச் அடித்திருந்தேன், அதற்குப் பிறகு இல்லை. என் லேப்டாப்பின் ஒரிஜின் ஸ்லாஷ் மாஸ்டர் இன்னும் பதினொரு மணியில் நிற்கிறது! "யாரும் புல் பண்ணாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். என் ஒரிஜின் ஸ்லாஷ் மாஸ்டரை அப்படியே சர்வருக்கு மீட்பு என்ற பெயரில் ஒரு பிராஞ்சாகப் புஷ் செய்தேன். பையனைக் கூப்பிட்டு ஃபெட்ச் செய்து, மீட்பைத் தன் மாஸ்டரில் மெர்ஜ் செய்து, சாதாரணமாகப் புஷ் செய்யச் சொன்னேன். ஃபோர்ஸ் தேவைப்படவில்லை; அவன் கமிட்டுக்கு மேலே மெர்ஜ் உட்கார்வதால் குறி முன்னோக்கித்தான் நகர்கிறது. ஆறரைக்கு முடிந்தது. பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

அந்தக் கூச்சல் தேவையே இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஃபெட்ச் செய்திருந்தாலும் என் லேப்டாப்பில் அந்தக் குறிப்பின் பழைய இடம் ரெஃப்லாகில் இருந்திருக்கும். சர்வரில் இல்லாத ரெஃப்லாக், நம் சாதாரண குளோனில் ஒரிஜின் ஸ்லாஷ் மாஸ்டருக்கும் சேர்த்தே உண்டு. நாம் மாற்றாத வரை இப்படிக் கைவிடப்பட்டவற்றை 30 நாள் வைத்திருக்கும். பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது?

பையனை யாரும் திட்டவில்லை. குற்றம் என் மேல்தான். இனிட்டில் மைனஸ் மைனஸ் ஷேர்ட் கொடுத்தால், ரிசீவ் டாட் டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வேர்ட்ஸ் என்ற செட்டிங்கையும் கிட் ட்ரூ என்று வைத்துவிடும். பிராஞ்சைப் பின்னோக்கி நகர்த்தும் எந்தப் புஷ்ஷையும் சர்வரே மறுக்கும், மைனஸ் எஃப் போட்டாலும். நான் பிறகு கான்ஃபிக்கில் ஷேர்டுரெப்பாசிட்டரியை மட்டும் கையால் வைத்தேனே, அப்போது இது வரவில்லை. அன்று இரவே அதையும், கோர் டாட் லாக்ஆல்ரெஃப்அப்டேட்ஸையும் ட்ரூ ஆக்கினேன். இரண்டாவது, பேர் ரெப்போவிலும் ரெஃப்லாக் எழுதச் சொல்வது. இரண்டு வரி. சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் போய்ப் போட்டுவிட்டு வரலாம்.

இந்தத் தடை போடாத சர்வரில், தன் சொந்தப் பிராஞ்சை ரீபேஸ் செய்துவிட்டு (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் புதிதாக அடுக்கிவிட்டு) ஃபோர்ஸ் புஷ் செய்வது தப்பில்லை, நானும் செய்கிறேன். அதற்கு ஃபோர்ஸ்-வித்-லீஸ் நல்லது. நம் ஞாபகத்தில் இருக்கும் இடத்தில்தான் சர்வர் இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதும். ஆனால் சில எடிட்டர்கள் பின்னணியில் தாமாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும். அப்போது நாம் பார்க்காமலே ஞாபகம் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, லீஸ் சும்மா தலையாட்டிவிடும்.

கடைசியாக, 2016 கோடையில் சர்வரின் டிஸ்க் போனது. பேக்கப் என்று நாங்கள் நினைத்திருந்தது அதே டிஸ்க்கில் இருந்த இன்னொரு ஃபோல்டர். (சிரிக்காதீர்கள், உங்கள் ஆபீஸிலும் இருக்கும்.) ஆனால் ஒருவரும் பயப்படவில்லை, நாலு வருடத்தில் அந்த அளவு தேறியிருந்தோம். யாருடைய ஃபெட்ச் கடைசி என்று கேட்டோம். டெஸ்டிங் அக்கா, அன்று காலை ஒன்பதரைக்கு. புது மெஷினில் பேர், ஷேர்ட் இரண்டும் கொடுத்து இனிட். அக்காவின் குளோனிலிருந்து ஒரிஜினின் கீழே இருந்த எல்லாப் பிராஞ்சுகளையும் புது சர்வரின் பிராஞ்சுகளாகப் புஷ் செய்தோம், குறிப்பிட்ட கமிட்டுகளுக்கு வைத்த பெயர்களான டேகுகளைத் தனியாக. எல்லாவற்றையும் அப்படியே அனுப்பும் மிரர் புஷ் போட்டிருந்தால் அக்காவின் சொந்தப் பிராஞ்சுகளும், ஒரிஜின் ஸ்லாஷ் என்று தொடங்கும் குறிப்புகளும் அப்படியே போய்க் குப்பை சேர்ந்திருக்கும். ஒன்பதரைக்குப் பிறகு புஷ் செய்திருந்த இருவர் திரும்பப் புஷ் செய்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் வந்துவிட்டது.

இரண்டு விஷயம் தவிர. எல்லாப் பிராஞ்சையும் என்று நான் சொன்னதில், எது முதன்மைப் பிராஞ்ச் என்று காட்டும் குறியான ஒரிஜினின் ஹெட்டும் அடங்கிவிட்டதால், சர்வரில் ஹெட் என்ற பெயரிலேயே ஒரு பிராஞ்ச் முளைத்திருந்தது. அதை அழிக்கும்வரை ஒரு வாரம் ஆளாளுக்குக் குழம்பினார்கள். இன்னொன்று ஹுக்குகள், புஷ் போன்றவை நடக்கும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள். குளோன் எடுக்கும்போது வரலாறு வரும், ஹுக்குகளும் சர்வரின் கான்ஃபிக்கும் வராது. புஷ் ஆனதும் டெமோ சைட்டைப் புதுப்பிக்கும் போஸ்ட்-ரிசீவ் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருந்தேன், மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்போட்டு வளர்ந்தது. அது அந்த டிஸ்க்கோடு போனது. இரண்டு நாள் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினேன். எழுதிய ஸ்கிரிப்டையும் கான்ஃபிக் ஃபைலையும் இப்போது தனியாக ஒரு ரெப்போவில் வைத்திருக்கிறேன்; அதன் நகல் ஒன்று அக்காவின் லேப்டாப்பிலும் இருக்கிறது.